எல்லாவற்றுக்கும் பல்லையே பழிக்கலாமா?

ஆறு மாதக் குழந்தை இரவெல்லாம் அழுதால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது, 'பல் முளைக்கிறது, அப்படித்தான் இருக்கும்' என்பதே. காய்ச்சல் வந்தாலும் பல். வயிற்றுப்போக்கு வந்தாலும் பல். இந்த விளக்கம் பெற்றோருக்கு ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதல்தான் எனக்குக் கவலை தருகிறது.

இது நமக்கு மட்டுமே உரிய பழக்கமன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1839ஆம் ஆண்டில் 5,016 இறப்புகளுக்குப் பல் முளைத்தலே காரணம் என அரசுப் பதிவாளரின் அறிக்கை குறித்தது. பல் எந்தக் குழந்தையையும் கொல்வதில்லை. உண்மையான நோய்கள் அந்தப் பெயருக்குப் பின்னே மறைந்துகொண்டன. அங்கு விற்கப்பட்ட பல்முளைப்புப் பொடிகளில் பாதரச உப்பு கலந்திருந்ததும், அதனால் குழந்தைகள் நோயுற்றதும் பிற்பாடு தெரியவந்தன.

பல் முளைக்கையில் ஈறு சற்று வீங்கும், வாய்நீர் வடியும், குழந்தை கிடைத்ததைக் கடிக்கும், உறக்கம் கெடும். ஒவ்வொரு பல்லுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் இத்தொல்லை இருக்கும். உடல் சற்றே வெதுவெதுப்பாகவும் கூடும். ஆனால் வெப்பமானி 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல். அதற்குக் காரணம் வேறு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குறைவதும், இணை உணவு தொடங்குவதும், தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போவதும் இதே வயதில்தான். அவ்வேளையில் பல்லும் எட்டிப் பார்ப்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

வெறும் பல்வலிதான் என்றால், இரவில் செய்ய வேண்டியது எளியது. கையைச் சோப்பிட்டுக் கழுவி, விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்து விடுங்கள். கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை, அருகிலிருந்து கடிக்கக் கொடுங்கள். வால்பாறையின் மார்கழி இரவில் அந்த நீரைக் குளிர்விக்க ஃபிரிட்ஜ் தேவையில்லை! தாய்ப்பாலும், தோளில் சாய்த்து நடப்பதும் எந்த மருந்துக்கும் குறைந்தவையல்ல. ஈறை மரக்கச் செய்யும் பென்சோகைன், லிக்னோகைன் ஜெல்கள் வேண்டா. ஒரு வயது வரை தேனும் வேண்டா. 'பேர் சொல்லா மருந்து' என்று பாட்டிமார் மதிக்கும் வசம்பை நான் இகழவில்லை. ஆனால் வளையலாகக் கோத்த வசம்புத் துண்டு உடைந்து தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும்?

பாராசிட்டமால் தேவைப்பட்டால் மருத்துவர் எடைக்கேற்பக் குறித்த அளவை மட்டும் கொடுங்கள். சொட்டு மருந்தின் ஒரு மில்லியில் பெரும்பாலும் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும்; சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 125 மில்லிகிராம். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், அரைகுறை வெளிச்சத்தில் இத்தவறு எளிதில் நேரும்.

சமவெளியில் இருப்பவர்கள் நள்ளிரவிலும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போகலாம். நமக்கோ பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட் பாதையில் யானையும் சிறுத்தையும் நடமாடும். ஆகவே லைன் வீடுகளில் இருக்கும் பெற்றோர், பொழுது சாயுமுன்பே குழந்தையை நன்கு கவனித்து முடிவெடுப்பது நல்லது. காய்ச்சல், பலமுறை நீராகப் போதல், பால் குடிக்க மறுத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, உச்சிக்குழி உள்வாங்குதல், வேகமான மூச்சு, எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். இருட்டிய பின் தெரிந்தால் விடியலுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். வயிற்றுப்போக்கு இருந்து, குழந்தை விழித்து விழுங்கும் நிலையில் இருந்தால், வண்டி வரும்வரை தாய்ப்பாலும், இடையிடையே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டியால் சிறிது சிறிதாகவும் கொடுத்துவாருங்கள்.