லி கெரனின் மலைகளும் கலப்புக் குற்றச்சாட்டும்

சீன மை ஓவியம் என்பது, நீரில் தேய்த்த கரிமையைத் தூரிகையால் மெல்லிய தாளிலோ பட்டிலோ தீட்டும் கலை. அதில் ஐரோப்பிய ஒளிநிழல் முறை கலந்தபின் நிலக்காட்சி மரபு தன் இயல்பை இழந்தது என்னும் கருத்து இன்றும் செல்வாக்குடன் இருக்கிறது. சீன ஓவியமும் மேலை ஓவியமும் விலகி நிற்பதே நல்லது என்று பான் தியான்ஷோ (1897–1971) போன்ற பேரோவியரே வலியுறுத்தியிருப்பதால், இதனை அறியாதார் கூற்றென ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் சீன ஓவியர் லி கெரனின் (1907–1989) மலைகளை இதற்குச் சான்றாக்குவது பொருந்தாது.

பின்னொளியில் மலை கறுத்து நிற்க, அதன் விளிம்பு மட்டும் வெண்மையாய் ஒளிரும் அவருடைய காட்சிகளை எண்ணெய் வண்ண ஓவியத்திடம் பட்ட கடன் என்பர். 1929இல் ஹாங்சோ கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், பிரான்சில் பயின்று வந்த லின் ஃபெங்மியானிடம் கற்றது உண்மையே. ஆனால் அந்தக் கருமை, மெல்லிய மையைத் தீட்டி, அது உலர்ந்தபின் மேன்மேலும் தீட்டி அடர்த்தி ஏற்றும் அடுக்கு முறையால் விளைந்தது. அம்முறையை அவர் கற்ற ஆசான் ஹுவாங் பின்ஹோங் (1865–1955) மேலைநாட்டுக் கலைக்கூடம் எதிலும் பயின்றவர் அல்லர். அதே அடுக்கு முறை பதினேழாம் நூற்றாண்டில் ஓவியர் கோங் சியானின் இருண்ட மலைகளிலேயே காணப்படுகிறது. எண்ணெய் வண்ணத்தில் ஒளி பெரும்பாலும் மேலே பூசப்படும் வெள்ளை. லி கெரனிடமோ அது மை தொடாமல் விடப்பட்ட தாள், அதாவது வெற்றிடத்தைப் பேசவைக்கும் பழைய சீன உத்தி.

அவருடைய தொலைவுக் காட்சியும் ஐரோப்பிய முறையே என்னும் குறையும் நிற்காது. கோடுகள் யாவும் ஒரே புள்ளியில் சென்று மறையும் ஐரோப்பிய முறைக்கு மாறாக, அண்ணாந்து முகட்டையும், ஊடுருவிப் பின்மலையையும், நேர்நோக்கில் தொலைமலையையும் காணும் மூவகைத் தொலைவை ஓவியர் குவோ சி பதினோராம் நூற்றாண்டில் வகுத்தார். 1962–64 ஆண்டுகளில் லி கெரன் செந்நிறத்தில் தீட்டிய 'மலையெல்லாம் செம்மை' வரிசையில், தாளின் மேல்விளிம்பை நெருங்கி நிமிரும் மலை அண்ணாந்து காணும் அந்த உயர்தொலைவையே பின்பற்றுகிறது.

1954இல் அவர் தென்சீனம் சென்று நேரில் கண்டு வரைந்ததும் அயல்வழக்கம் அன்று; ஓவியர் ஷிடாவ் 1691இல் தீட்டிய நெடுஞ்சுருளின் தலைப்பே அரிய சிகரங்களைத் தேடி மாதிரி வரைவதைக் குறிக்கிறது.

உருவக் கலைகள் அனைத்திற்கும் நிழலிட்ட கோட்டோவியமே அடித்தளம் என்று ஓவியர் சூ பெய்ஹோங் (1895–1953) வகுத்த பாடமுறையில், தூரிகைக் கோடு தன் உயிரை இழந்து வெறும் நிரப்பலாகிவிட்ட ஓவியங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அது தூரிகைப் பயிற்சியைப் பின்தள்ளிய கல்வியின் குற்றம். அக்குற்றத்தை லி கெரனின் மலைகள்மீது ஏற்றுவது நியாயமன்று.