எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயரா?

‘ஆல் சீசன்’ டயர் என்று முதன்முதலில் பெயர் சூட்டியவர் எவரோ, அவர் கனடாவில் ஒரு ஜனவரி மாதத்தைக் கழித்திருக்க மாட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார். அவற்றுள் முன்பனி, பின்பனி என்று பனிக்கு மட்டும் இரண்டு இடம் ஒதுக்கினார். அந்தப் பனி புல்நுனியில் தங்கி, வெயில் ஏறியதும் விடைபெற்றுக்கொள்ளும் பனி. டிசம்பரில் இங்கே முழங்காலளவு குவிவதையும், நடைபாதையில் கண்ணாடியாக உறைவதையும் அதே சொல்லால்தான் அழைத்துக்கொண்டிருக்கிறோம். வண்டியின் அடியிலும் இதேபோல ஒரு பெயர்க்குழப்பம் நிகழ்கிறது. ‘எல்லாப் பருவத்துக்கும்’ என்று விற்கப்படுவது உண்மையில் மூன்று பருவங்களுக்கானது. நான்காவதற்கு அது பொருந்தாது என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

(யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘ரயர்’ என்று எழுதுவார்கள்; நான் ‘டயர்’ என்று எழுதிப் பழகியவன். இரண்டும் வழுக்கும் விதம் ஒன்றுதான்.)

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களிடமிருந்து இதே கேள்வி வருகிறது: குளிர்கால டயர் கட்டாயம் வேண்டுமா? கேட்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், கிடங்குகளில் இரவுப்பணி செய்பவர்கள், வீடு வீடாக உணவு கொண்டுசெல்பவர்கள். பத்து ஆண்டு பழைய கொரொல்லாவோ சிவிக்கோ வாங்கி, காப்பீட்டுத் தொகையையும் கட்டிய பின் அவர்கள் கையில் மிஞ்சுவது சொற்பம். அந்த நிலையில் நான்கு புதிய டயர் என்பது ஆடம்பரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பதைப் பிரித்துச் சொல்லாமல் வெறுமனே ‘வேண்டும்’ என்பது வசதி படைத்தவன் சொல்லும் அறிவுரையாகிவிடும்.

முதலில் ரப்பர். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே வெப்பம் இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றுவதில்லை. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் சேர்ந்த கலவை கடுங்குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும். அதன் பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய பிளவுகள் காணப்படும்; அவை பனியைக் கவ்வுகின்றன, பனிக்கட்டியின்மேல் படர்ந்த நீர்ப்படலத்தைத் துடைக்கின்றன. அந்த நீர்ப்படலந்தான் பெரும் எதிரி. உறைநிலையை ஒட்டிய பனிக்கட்டி, கழித்தல் 20இல் இருக்கும் பனிக்கட்டியைவிட அதிகம் வழுக்கும். ‘டொராண்டோ என்ன வின்னிபெக்கா, இங்கே குளிர் குறைவுதானே’ என்று வாதிடுவோர் இதைக் கருதிப்பார்க்க வேண்டும். பகலில் உருகி இரவில் உறையும் ஊர் நம்முடையது.

சிறிது கணக்கும் பார்க்கலாம். உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.8. அழுந்திய பனியில் அது 0.2க்கும் 0.3க்கும் இடையே ஊசலாடும். டயரின் தரமும் அந்த ஊசலாட்டத்தைத் தீர்மானிக்கும் ஒன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்தபின் நிற்க உலர்சாலையில் 12 மீட்டர் போதும். உராய்வு 0.3 என்றால் 33 மீட்டர், 0.2 என்றால் 49 மீட்டர். மூன்று கார்களை வரிசையாக நிறுத்தும் நீளத்துக்கும் மேலான வேறுபாடு இது. இன்னொரு வகையாகச் சொன்னால் உறைக்கும்: முதல் வண்டி நின்றுவிட்ட அதே புள்ளியை இரண்டாவது வண்டி மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அங்கே சாலையைக் கடக்கும் ஒரு மூதாட்டி நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்பார்கள் சிலர். அது புறப்படுவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு, பற்றவேண்டியது ரப்பர்தான்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? டயரின் பக்கச்சுவரில் M+S என்ற பொருளில் ‘எம்’, ‘எஸ்’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் மயங்கிவிடக் கூடாது. அது பட்டன்களின் வடிவமைப்பைப் பற்றிய அறிவிப்பு மட்டுமே. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று அன்று. தேட வேண்டியது மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம். அழுந்திய பனியில் ஒரு மேற்கோள் டயரின் இழுவையை 100 என்று வைத்து, 110 அல்லது அதற்கு மேல் பெற்றால்தான் இந்தச் சின்னம் கிடைக்கும். இதுவும் முழுச் சான்று அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்: சோதிக்கப்படுவது முன்னோக்கிய இழுவை, பனிக்கட்டியில் நிற்பது எப்படி என்பதைச் சின்னம் சொல்வதில்லை. ஆயினும் சின்னமே இல்லாததைவிட இது எவ்வளவோ மேல். கியூபெக் மாநிலம் 2008இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2014 டிசம்பர் முதல் இந்தச் சின்னமுள்ள டயர்களையும் ஆணி பதித்தவற்றையும் மட்டுமே சட்டம் ஏற்கிறது. தொடக்கத்தில் டிசம்பர் 15 என்றிருந்த கெடு 2019இல் டிசம்பர் 1 ஆயிற்று; மார்ச் 15 வரை நீடிக்கிறது.

இனிச் சிக்கனத்துக்கு வருவோம். சிக்கனம் பிடிக்கவே கூடாத இடம் எண்ணிக்கை. ‘முன் சக்கரந்தானே இழுக்கிறது, இரண்டு மட்டும் வாங்கினால் போதாதா’ என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. முன்னே பற்றும் டயர், பின்னே பற்றாத டயர் என்று அமைந்தால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது முன்பகுதி நின்றுகொள்ள, பின்பகுதி சுழன்று முன்னே வரப் பார்க்கும். நான்கும் மோசமாக இருந்தால் ஓட்டுநர் அச்சத்துடன் மெதுவாகவாவது போவார். இரண்டு நல்லவை இருந்தால் அந்த அச்சமும் போய்விடும். அரை விலையில் வாங்கிய அரைப் பாதுகாப்பு என்று இதைக் கருத இயலாது. கனடியப் போக்குவரத்துத் துறையின் பரிந்துரையும் நான்கு என்பதே.

அளவில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். 17 அங்குல ரிம்மில் 225/45 டயருடன் வந்த வண்டி என்று வைத்துக்கொள்வோம். அதன் முழு விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீட்டர். 16 அங்குலத்தில் 205/55 போட்டால் 632. 15 அங்குலத்தில் 195/65 போட்டால் மீண்டும் 634. விட்டம் மாறாததால் வேகமானி பொய் சொல்லாது. சிறிய ரிம்முக்கான டயர் பொதுவாக விலை குறைவு. ஒடுங்கிய டயர் பனியை அறுத்துக்கொண்டு போகும். உயர்ந்த பக்கச்சுவர் குழிகளின் அடியை வாங்கிக்கொள்ளும். விலை குறைந்த தேர்வே மேலான தேர்வாகவும் அமையும் அபூர்வமான இடம் இது. ஒன்றைமட்டும் உறுதிசெய்ய வேண்டும்: சிறிய ரிம் பிரேக்கின் மேல் உரசாமல் உட்கார வேண்டும். அதே மாடலின் அடிப்படை வகை எந்த அளவில் விற்கப்பட்டது என்று கையேட்டில் பார்த்தால் விடை கிடைக்கும். பாரக் குறியீட்டு எண் ஓட்டுநர் கதவோரத்துச் சீட்டில் உள்ள டயருக்கு உரியதைவிடக் குறையக் கூடாது.

தனி ரிம் வாங்குவது வீண்செலவு என்று பலர் எண்ணுகிறார்கள். சாதாரண இரும்பு ரிம் போதும். ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பேலன்சிங் செய்வதற்கும், ரிம்முடன் சேர்த்து மாற்றுவதற்கும் கூலியில் ஒரு தடவைக்கு 50 டாலர் வேறுபாடு என்று கொண்டால், 350 டாலருக்கு வாங்கிய நான்கு ரிம்கள் மூன்றரை ஆண்டில் தம் விலையை ஈட்டிவிடும். ஜாக்கி போடத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொண்டால் அதற்கும் முன்பே. சாலை உப்பு உங்கள் அலாய் ரிம்மைத் தின்னாமல் இருப்பது இலாபக் கணக்கு. காற்றழுத்த உணரி வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளில் அது கட்டாயம். கனடாவில் கட்டாயம் இல்லை. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், சில டாலருக்குக் கிடைக்கும் அழுத்தமானியால் மாதம் ஒருமுறை பாருங்கள். வெப்பம் ஏறத்தாழ 5.6 பாகை குறையும்போது ஒரு பிஎஸ்ஐ காற்று இறங்கும் என்பதால், எப்படியும் பார்த்தாக வேண்டியதே.

பெயரிலும் மிச்சம் உண்டு. பெரிய நிறுவனங்கள் தம் இரண்டாம் வரிசைப் பெயர்களில் விற்கும் டயர்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிஎஃப் குட்ரிச் மிஷெலினுடையது, ஃபயர்ஸ்டோன் பிரிட்ஜ்ஸ்டோனுடையது, ஜெனரல் காண்டினென்டலுடையது, நார்ட்மன் நோக்கியனுடையது. முந்தைய தலைமுறை வடிவமைப்புகள் இந்தப் பெயர்களில் வருவதுண்டு. நகரில் ஓட்டுபவருக்கு அது தாராளம்.

பழைய டயர் வாங்கலாமா? வாங்கலாம், இரண்டு கேள்விகளோடு. பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்லும்: 3821 என்றால் 2021ஆம் ஆண்டின் 38ஆம் வாரம். ஆறு ஆண்டு கடந்ததை, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நான் தொட மாட்டேன். ரப்பர் முதிர்ந்துவிட்டால் ஆழம் அலங்காரமே. அடுத்தது அந்த ஆழம். புதியதில் 8 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். 4 மில்லிமீட்டரை நெருங்கியதைப் பனிச் சாலையில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது போக்குவரத்துத் துறை. நம் ஊரில் மொட்டை ஆகும்வரை ஓட்டிப் பழகிய கண்ணுக்கு 4 மில்லிமீட்டர் புத்தம் புதியதாகத் தெரியும். கண்ணை நம்பாமல் அளவுகோலை நம்புவது நல்லது. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்ததற்குக் காசு கொடுத்தால் ஒரே குளிர்காலத்தில் அது தீர்ந்துபோகும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. சுழல்திசை காட்டும் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி இருக்கட்டும். வீல் நட்டின் அடிப்பகுதி ரிம்மின் துளைக்குப் பொருந்த வேண்டும். ஹோண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை அடி கொண்ட நட், வெளியே வாங்கும் ரிம்மில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு அடி. மாற்றிப் போட்டால் ஓடும்போது தளரும். இறுக்கத்துக்குக் கையேட்டில் எண் உண்டு: பல கொரொல்லாக்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், சிவிக்குக்கு 108. டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். கடைக்காரர் செய்திருந்தாலும் இந்த மறுபார்வையை விடக் கூடாது.

இவ்வளவுக்கும் இடமோ பணமோ இல்லாதவர்கள், அடுக்குமாடியில் டயர் அடுக்க மூலை இல்லாதவர்கள், என்ன செய்வது? ‘ஆல் வெதர்’ என்று ஒரு வகை வந்திருக்கிறது. ‘ஆல் சீசன்’ என்பதிலிருந்து ஒரு சொல்தான் வேறு, ஆனால் இதில் மலைச் சின்னம் உண்டு. ஆண்டு முழுவதும் கழற்ற வேண்டாம். பனிக்கட்டியில் முழுக் குளிர்கால டயருக்கு ஈடாகாது, கோடையில் விரைவில் தேயும். டொராண்டோவுக்குள் குறைந்த தூரம் ஓட்டுபவருக்கு இது நேர்மையான சமரசம் என்பேன். மாண்ட்ரியாலுக்கோ சட்பரிக்கோ அடிக்கடி போகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

நிற்க. ஒண்டாரியோ அரசு குளிர்கால டயரைக் கட்டாயமாக்கவில்லை. அதற்குப் பதிலாக, 2016 ஜனவரி 1 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று விதித்தது. நல்ல ஏற்பாடுபோலத் தோன்றும். ஆண்டுக்கு 2,500 டாலர் கட்டுபவருக்கு 3 விழுக்காடு என்றால் 75 டாலர். முன்கூட்டியே பணம் போட்டு வாங்க முடிந்தவனுக்கு அது வெகுமதி. வாங்க முடியாதவனுக்கு அது இல்லாதவன் கட்டும் தண்டம். மானிடோபாவின் அரசுக் காப்பீட்டு நிறுவனம் 2014இல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது: ஒரு வண்டிக்கு 2,000 டாலர் வரை குறைந்த வட்டிக் கடன், மாதத் தவணையில் திருப்பிச் செலுத்தலாம். பணம் தேவைப்படும் நவம்பரிலேயே பணம் கிடைக்கிறது. ஒண்டாரியோவில் காப்பீடு தனியார் கையில் இருப்பதால் இது இயலாது என்று சொல்லலாம். தள்ளுபடியைக் கட்டளையிட முடிந்த அரசுக்குத் தவணை வசதியைக் கட்டளையிடவும் முடியும் என்பது என் கருத்து. நம் தொகுதிகளில் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்கள் பொங்கல் விழாவில் வேட்டி கட்டுவதோடு இதையும் காதில் போட்டுக்கொண்டால் தேவலை.

தள்ளுபடி கேட்கப் போகிறவர்கள் கடை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான்கும் குளிர்கால டயர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். முதற்பனி விழுந்த மறுநாள் எல்லாக் கடையிலும் வரிசை தெருவரை நிற்கும் என்பதால் அக்டோபர் இறுதியிலேயே நேரம் குறித்துவிடுவது உத்தமம். ஏப்ரலில் கழற்றும்போது உள்பக்கச் சுவரில் சுண்ணக்கட்டியால் எந்த இடத்து டயர் என்று எழுதிவையுங்கள்: மு.வ., மு.இ., பி.வ., பி.இ. அடுத்த பருவத்தில் முன்னதைப் பின்னாகவும் பின்னதை முன்னாகவும் மாற்றினால் நான்கும் சீராகத் தேயும். வெயில் படாத இருட்டு மூலையில் அடுக்கி, ஒரு கறுப்புப் பையால் மூடிவிடலாம்.