கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மேல்கோட்டையிலிருந்து மைசூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஜக்கனஹள்ளி, பாண்டவபுரம், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று இறங்கிப் போகும் சாலை. ஞாயிற்றுக்கிழமை மைசூரில் மண் தடத்தில் பைக் பந்தயம் என்று கேள்விப்பட்டு ஓர் இளைஞர் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். போக வர நூறு கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றாலும் இரண்டே கால் லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறைத் தாண்டிவிட்ட காலம் இது. தடத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே 230 ரூபாய் போய்விடும். அப்புறம் இருவருக்கும் தோசை, வண்டி நிறுத்தக் காசு, வெயிலில் இரண்டு மூன்று பாட்டில் தண்ணீர், மதியம் ஏதாவது. சுவரொட்டியில் 'நுழைவு இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், அந்த இலவசத்துக்கு வீட்டிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

நூறு ரூபாய் டிக்கெட் போட்டால் யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் இந்த ஐந்நூறைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரசிகர் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பந்தயத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

மைசூர் வட்டாரத்துக்கு மண் தடம் புதிதல்ல. லலிதமகால் அரண்மனையை ஒட்டிய திறந்தவெளியில் மைசூர் ஆட்டோமோட்டிவ் ஸ்போர்ட்ஸ் கிளப் 'கிராவல் ஃபெஸ்ட்' என்ற பெயரில் கார் பந்தயம் நடத்தியிருக்கிறது. ஆட்டோகிராஸ் வகை. வண்டிகள் முட்டி மோதி ஓடுவதில்லை. வளைந்து வளைந்து போகும் மண் பாதையில் கடிகாரத்தை எதிர்த்து ஓடும். பைக்குகளின் சூப்பர்கிராஸ் வேறு மாதிரி. கதவு விழுந்ததும் வரிசையாக நின்ற அத்தனை பேரும் ஒரே முதல் வளைவை நோக்கிப் பாய்வார்கள். மேடு, இரட்டை மேடு, பல் பல்லாகக் குவித்த மண் என்று எல்லாமே ஜேசிபி வைத்துக் கட்டியவை. பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் இப்படிப்பட்ட தடங்களில் தேசியப் பட்டம் வென்று, 2015 டக்கார் ராலியில் 36ஆவதாக வந்து, அந்தப் பாலைவனப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் ஆனார். ஷொரணூரின் ஹரித் நோவா 2024 டக்காரில் தம் பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடமும் பெற்றார். உலக மேடைக்குப் போன இவர்களை முதலில் பார்த்துக் கைதட்டியது, ஊர் மைதானத்தில் செம்மண் புழுதியை மூக்கில் வாங்கிக்கொண்டு நின்ற கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் ஒரு கயிறு. சில இடங்களில் சவுக்குக் கட்டை நட்டுக் கட்டிய தடுப்பு. முன்வரிசையில் நின்றால் மண் முகத்தில் தெறிக்கும். பின்வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். நிழல் இருக்கும் பந்தல் விருந்தினருக்கு. வண்டியில் எண் 27 போட்டு ஓடுபவர் யார், எந்த ஊர், எந்தப் பிரிவில் ஓடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியில் சொல்வார்கள், இன்ஜின் சத்தத்தில் அது காதில் விழாது.

இதற்கெல்லாம் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரியும். மண் அடிக்க லாரி, மேடு கட்ட ஜேசிபி, புழுதி அடக்கத் தண்ணீர் லாரி, கொடி காட்டும் மார்ஷல்கள், ஆம்புலன்ஸ், மருத்துவர், நேரம் குறிக்கும் கருவி, அனுமதி, காப்பீடு என்று செலவு நீளும். வரவு பெரும்பாலும் இரண்டே வழிகளில்: ஓட்டுநர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம், டயர், எண்ணெய், வண்டி கம்பெனிகளின் விளம்பரப் பணம். விளம்பரம் கொடுப்பவருக்கு வேண்டியது மைதானம் நிறைந்த ஒரு புகைப்படம். நுழைவு இலவசமாக இருந்தால் அந்தப் படம் எளிதில் கிடைத்துவிடும். அமைப்பாளர் தம்மிடம் பணம் கொடுத்தவருக்குப் பொறுப்பாக நடந்துகொள்கிறார். அதில் தவறு காண முடியாது. ஆனால் பணம் கொடுத்தவர் பட்டியலில் ரசிகர் இல்லை. அதனால்தான் பதாகை கட்டக் கம்பி கிடைக்கிறது, கூட்டத்தைத் தடுக்கக் கயிறுதான் கிடைக்கிறது.

இலவசமாகவே இருக்க வேண்டிய பந்தயங்களும் உண்டு. மண்டியா, மைசூர்ப் பக்கத்து எத்தின காடி ஓட்டம் அப்படிப்பட்டது. ஹள்ளிகார் காளைகளைப் பூட்டி, அறுவடை முடிந்த நிலத்திலோ ஏரிக்கரை மைதானத்திலோ ஓட்டுவார்கள். தமிழ்நாட்டு ரேக்ளாவுக்குச் சொந்தத் தம்பி. கடலோரக் கர்நாடகத்தின் கம்பளாவும் அதே குடும்பம். அங்கே புழுதிக்குப் பதில் சேறு. 2020 பிப்ரவரியில் ஐக்களக் கம்பளாவில் ஸ்ரீநிவாச கௌடா எருமை ஜோடியுடன் 142.5 மீட்டரை 13.62 விநாடியில் ஓடியது உலகச் செய்தியானது. 2014 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜல்லிக்கட்டோடு இவற்றின் எதிர்காலத்தையும் கேள்விக்குள்ளாக்கியது. 2017இல் கர்நாடகம் இவற்றை அனுமதிக்கும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது. அந்த நவம்பரிலேயே பெங்களூர் அரண்மனை மைதானத்தில் கம்பளா நடந்தபோது நுழைவுக்குக் கட்டணம் வைக்கவில்லை, கூட்டம் அலைமோதியது.

இங்கே டிக்கெட் போடுவது முறையாகாது. கம்பளா பார்க்க வருபவர் தம் ஊர் எருமையைப் பார்க்க வருகிறார்; ஜோடியின் பெயர், வீட்டின் பெயர், போன வருடம் எந்தப் பிரிவில் எந்த இடம் என்று எல்லாம் தெரிந்து வருகிறார். சேற்றுத் தண்ணீர் எவ்வளவு உயரம் தெறிக்கிறது என்று அளக்கும் கனெ ஹலகெ பிரிவில் மேலே கட்டிய துணி நனைந்ததும் எழும் சத்தம், வாடிக்கையாளர் எழுப்பும் சத்தம் அல்ல, வீட்டுக்காரர் எழுப்புவது. மோட்டார் பந்தயம் இன்னும் அந்த உறவைச் சம்பாதிக்கவில்லை. சம்பாதிக்க வேண்டுமானால் எண் 27க்கு முதலில் ஒரு பெயர் வேண்டும்.

மறுகோடியில் இருப்பவை பெரிய சர்க்யூட்டுகள். 2011இல் நொய்டா அருகே புத்தா தடத்தில் ஃபார்முலா 1 வந்தபோது டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை போனது. முதல் ஆண்டு 95,000 பேர் வந்ததாகக் கணக்கு. அடுத்த ஆண்டு 65,000. மூன்றாம் ஆண்டு 60,000. அத்தோடு போட்டியே நின்றுபோனது. நின்றதற்கு முக்கியக் காரணம் வரித் தகராறுதான். இது விளையாட்டல்ல, பொழுதுபோக்கு என்றது உத்தரப் பிரதேச அரசு. ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே முப்பதாயிரம் பேர் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு வரி பதில் சொல்லாது. வேடிக்கை ஒருமுறை பார்த்தாயிற்று. மறுபடி அந்த விலை கொடுத்து வர, தடத்தில் ஓடுபவரோடு ஒட்டும் உறவும் வேண்டுமே. தசரா சமயத்தில் மைசூர்க்காரர்கள் விலையா உறவா என்ற இதே கேள்வியோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டுகிறார்கள். 2025இல் தங்க அட்டை என்ற சிறப்பு நுழைவுச் சீட்டு 6,500 ரூபாய், ஜம்பு சவாரி என்ற யானை ஊர்வலத்துக்கான டிக்கெட் 3,500 ரூபாய். யானை வரும் வீதியில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த விலை நெஞ்சில் தைக்கும்.

கயிறு போதுமா என்ற கேள்விக்கு மிகக் கொடூரமான பதில் இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. பதுளை மாவட்டம் தியத்தலாவையில் இராணுவம் நடத்தும் ஃபாக்ஸ் ஹில் சூப்பர் கிராஸ், ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 ஏப்ரல் 21 அன்று நடந்தது. மண் தடம், சரிவெங்கும் ஜனம். ஒரு கார் தடத்தோரம் கவிழ்ந்தது. பின்னால் வந்த இன்னொரு கார் கட்டுப்பாடு இழந்து நேராகக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தைக்கு எட்டு வயது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயம் பட்டார்கள். குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போன இடம் அது.

ஆகவே டிக்கெட் விலையைப் பற்றிப் பேசுபவர் முதலில் தடுப்பைப் பற்றிப் பேச வேண்டும். டயர் அடுக்கு, அதற்குப் பின்னால் ஆள் நிற்காத வெற்றிடம், அதற்குப் பின்னால் வேலி, வளைவின் வெளிப்புறத்தில் யாரையும் நிற்க விடாத கண்டிப்பு. இதற்குச் செலவாகும். அந்தச் செலவுக்கு ரசிகரிடம் காசு கேட்பது நியாயம். கேட்டு வாங்கிவிட்டுக் கயிறு கட்டுவது அநியாயம்.

வரியும் இங்கே குறுக்கே நிற்கவில்லை. விளையாட்டுப் போட்டிக்கு நபருக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஐபிஎல் டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம். ஊர் மைதானத்தில் நூறு ரூபாய் டிக்கெட் போட்டால் நூறும் அமைப்பாளர் கைக்கே வரும். மூவாயிரம் பேர் வந்தால் மூன்று லட்சம். தேசியப் போட்டி நடத்த அது காணாது. ஆனால் வேலிக்கும், நாலு பந்தலுக்கும், கழிப்பறைக்கும், கூடுதலாக இரண்டு நடை தண்ணீர் லாரிக்கும் பெரும் உதவி.

கழிப்பறையைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குச் சக்தி திட்டத்தின்படி கட்டணம் இல்லை. மேல்கோட்டையில் ஏறும் பெண் கைக்காசு செலவில்லாமல் மைசூரில் இறங்கலாம். பயணச் செலவு என்ற தடை அவளுக்கு இல்லை. ஆனாலும் மண் தடப் பந்தயக் கூட்டத்தில் பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆறு மணி நேரம் நிற்க வேண்டிய மைதானத்தில் ஒதுங்க இடமில்லை என்றால் யார் வருவார்கள்? பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா பந்தயங்களின் பெண்கள் உலகக் கோப்பையை வென்றவர். அவரைப் பார்த்து ஒரு பள்ளிச் சிறுமிக்கு ஆசை வர வேண்டுமானால், அவள் அம்மாவோடு மைதானத்துக்கு வந்து உட்கார முடிய வேண்டும்.

மண் தடமும் கட்டணமும் சேர்ந்தே வளர்ந்த ஊர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்டில் 1923 டிசம்பர் 15 அன்று, விவசாயச் சங்கத்தின் மின்விளக்குத் திருவிழாவில் பைக்குகளை மண் வட்டத்தில் ஓடவிட்டார் சங்கச் செயலர் ஜானி ஹோஸ்கின்ஸ். ஸ்பீட்வே என்ற விளையாட்டு அங்கிருந்து பரவியது. 1928 பிப்ரவரியில் லண்டன் அருகே ஹை பீச்சில் நடந்தபோது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். தடத்தின் உள்விளிம்பு வரை ஆட்கள் நின்றார்கள். இன்று நம் மைதானங்கள் இருக்கும் நிலையில்தான் அவர்களும் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஓஹாயோவின் எல்டோரா தடம் 1954இலிருந்து ஓடுகிறது. அயோவாவின் நாக்ஸ்வில்லில் 1961இலிருந்து தேசியப் போட்டி நடக்கிறது. இரண்டும் அரை மைல் மண் வட்டம். அந்நாட்டு ஊர்ப்புறத் தடங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: இருக்கைக்கு ஒரு டிக்கெட், வண்டிகள் பழுது பார்க்கும் இடத்துக்குள் போக இன்னொன்று. பந்தயம் முடிந்ததும் அப்பாவும் மகனும் சேறு காயாத காரின் அருகே போய் நின்று ஓட்டுநரோடு பேசுகிறார்கள். அந்தப் பேச்சுதான் அவர்களை அடுத்த வாரமும் வரவைக்கிறது.

மைசூரில் அது இன்னும் எளிது. மைதானத்தின் ஓரத்தில் வேனை நிறுத்தி, தார்ப்பாய் விரித்து, செயின் கழற்றிக்கொண்டிருப்பவர் ஹாசன்காரராகவோ கோயம்புத்தூர்க்காரராகவோ இருப்பார். கன்னடத்திலும் தமிழிலும் பேசக்கூடிய பையன். பந்தய இடைவேளையில் அரை மணி நேரம் அந்தப் பக்கம் ரசிகரை விட்டால் போதும். எண், பெயர், ஊர், பிரிவு அச்சிட்ட ஒற்றைத் தாளை வாசலில் டிக்கெட்டோடு கொடுக்கலாம். அச்சுக்கூலி ஆளுக்கு ஒரு ரூபாய் ஆகுமா என்பதே சந்தேகம். பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம் என்று வைத்தால் தம்பிகளையும் தங்கைகளையும் கூட்டிவருவார்கள்.

தங்கள் ஊர்க் கோயிலின் வைரமுடி உற்சவ இரவில் மேல்கோட்டைக்காரர்கள் லட்சக்கணக்கானவர்களோடு விடியவிடிய நின்று பழகியவர்கள். நிற்பது அவர்களுக்குப் பாரமில்லை. யாரைப் பார்க்க நிற்கிறோம் என்று அங்கே தெரிந்து நிற்கிறார்கள்.

அந்த அண்ணனும் தம்பியும் பொழுது சாய்ந்தபின் ஜக்கனஹள்ளியில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடிப்பார்கள். சட்டைக் காலரில் செம்மண், காதில் இன்னும் இன்ஜின் இரைச்சல். கடைசிச் சுற்றில் இரட்டை மேட்டை ஒரே தாவலில் தாண்டி முந்திப் போனவனைப் பற்றித்தான் தம்பி ஓயாமல் பேசுவான். அவன் பேர் என்ன என்று டீக்கடைக்காரர் கேட்டால், இருவரும் எண்ணைத்தான் சொல்வார்கள்.