ரெண்டு தட்டு, ஒரு தட்டு, மூணு தட்டு!

ப்ளஸ் டூ படிக்கிற காலத்தில் எனக்கு செகண்ட் ஷோ பைத்தியம். அப்பாவுக்கோ செகண்ட் ஷோ என்ற வார்த்தையே ஆகாது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வாசல் கதவு. கதவுக்கு உள்ளே, நடையில் பாய் விரித்துப் பாட்டி.

படம் விட்டு வர ராத்திரி ஒரு மணி ஆகும். கதவில் ரெண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு, மறுபடி இடைவெளி, மூணு தட்டு. தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகும். நான் உள்ளே போனதும் மறுபடி விழும். வரிசை ஒன்று மாறினாலும் போச்சு! பாட்டி அசையவே மாட்டாள். ''யாரது?'' என்றுகூடக் கேட்க மாட்டாள். கேட்டால், உள்ளே ஆள் விழித்திருப்பது வெளியே தெரிந்துவிடுமே!

இதே சமாச்சாரத்துக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் 'போர்ட் நாக்கிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டிக்கு ராயல்டி எதுவும் தரவில்லை.

நான் பி.காம். எழுதுகிற நேரம் போக, சில வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். அவர்களில் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி முக்கியமானவர். இவர்கள் கணக்கையெல்லாம் மாச வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் வைத்திருக்கிறேன். எங்கேயிருந்து வேண்டுமானாலும் லேப்டாப்பைத் திறந்து அதற்குள் போய் வேலை பார்க்கலாம். சௌகரியம்தான். எனக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற என் சிநேகிதன் அந்த சர்வரின் லாக் ஃபைலைத் திறந்து காட்டினான். வெலவெலத்துப் போனேன். பக்கம் பக்கமாக யார் யாரோ உள்ளே நுழைய முயற்சி பண்ணியிருக்கிறார்கள். 'ரூட்' என்று ஒருத்தன், 'அட்மின்' என்று ஒருத்தன், 'டெஸ்ட்' என்று இன்னொருத்தன். விநாடிக்கு ஒரு பாஸ்வேர்ட். ராத்திரி பூரா!

''என்னடா இது, என் மேல் யாருக்கு இவ்வளவு கோபம்?''

''உன்னை யாருக்குடா தெரியும்? இதெல்லாம் புரோகிராம். தெருத்தெருவா ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்க்கும். திறந்தா உள்ளே!''

அவன் மிகைப்படுத்தவில்லை. 2013-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 'ஸீமேப்' என்று ஒரு புரோகிராம் எழுதினார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டின் பழைய பாணி விலாசங்கள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட கதவு திறந்திருக்கிறதா என்று 45 நிமிஷத்துக்குள் பார்த்துவிட்டார்கள். அது ஆராய்ச்சி. ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கு முடிவது களவாணிகளுக்கும் முடியும்!

கதவு என்றேனே, அதுதான் போர்ட். ஒரு கம்ப்யூட்டருக்கு 65,535 கதவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். தூரத்திலிருந்து சர்வருக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் உபயோகிப்பது எஸ்.எஸ்.ஹெச். என்ற வழி, அதன் கதவு 22. 1995-ல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து நெட்வொர்க்கில் எவனோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்து, டாட்டு யுலோனன் என்பவர் எழுதியது. 21-ம் 23-ம் ஏற்கெனவே வேறு வேலைகளுக்குப் போயிருந்தன. நடுவில் 22 காலியாக இருந்தது. கேட்டார், கொடுத்துவிட்டார்கள். அந்த நம்பர் இன்று உலகத்துக்கே தெரியும். அதனால்தான் எல்லோரும் அங்கேயே வந்து தள்ளுகிறார்கள்.

சிநேகிதன் செய்தது இதுதான். முதலில் ஃபயர்வாலிடம் சொல்லி 22-ம் நம்பர் கதவை மூடினான். சும்மா மூடவில்லை. 'இங்கே அனுமதி இல்லை' என்று பதில்கூடச் சொல்லாத, பாட்டி பாணி மூடல். வெளியே இருப்பவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

அப்புறம் ஒரு சின்ன புரோகிராமைக் காவலுக்குப் போட்டான். அது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் மூன்று மூடிய கதவுகளை, குறிப்பிட்ட வரிசையில், சில விநாடிகளுக்குள் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால், என் விலாசத்துக்கு மட்டும் 22 கொஞ்ச நேரம் திறக்கும். நுழைந்ததும் மூடிக்கொள்ளும். உள்ளே போனவன் வேலையைத் தொடரலாம்.

கால்குலேட்டரை எடுத்தேன். (பி.காம். புத்தி!) 65,535 கதவில் மூன்றை வரிசையாகத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? சுமார் 281 லட்சம் கோடி! 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவே 50 லட்சம் கோடிக்குக் கொஞ்சம் மேல்தான். குருட்டாம்போக்கில் தட்டுகிறவன் கிழவனாகிவிடுவான்.

இந்த யோசனையைப் பிரபலமாக்கியவர் மார்ட்டின் கிர்ஸிவின்ஸ்கி. 2003-ல் இதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். மனிதர் கனடாவில் மரபணு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர்!

''சரிடா, பூட்டுதான் நல்லா இருக்கே, எதுக்கு இந்தத் தட்டல் எல்லாம்?'' என்று கேட்டேன்.

''பூட்டுலயே ஓட்டை இருந்தா?'' என்றான்.

2024 ஜூலை 1-ம் தேதி அப்படித்தான் ஆயிற்று. உலகத்தில் மிக அதிகமாக உபயோகத்தில் இருக்கிற ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச்.சில் பெரிய ஓட்டை ஒன்றைக் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அது 2006-ல் அடைத்த ஓட்டை. 2020-ல் செய்த ஒரு மாற்றத்தில் மறுபடி திறந்துகொண்டது. பாஸ்வேர்டே தெரியாமல் ஒருவன் உள்ளே வர வழி! சர்வர் வைத்திருந்தவர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு அப்டேட் போட்டார்கள். கதவே கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும், ஒரு காபி குடித்துவிட்டு அப்டேட் போட அவகாசம் இருந்தது.

அப்படியானால் இனி நிம்மதியாகத் தூங்கலாமா? அதற்கு அப்பா கதையைச் சொல்லியாக வேண்டும்.

அப்பா சும்மா இருக்கவில்லை. மூன்று வாரம் இருட்டில் விழித்துக்கிடந்து தட்டுகளை எண்ணியிருக்கிறார். நாலாவது வாரம், நான் தியேட்டரில் இருந்தபோது, கொல்லைப்பக்கமாக வெளியே வந்து, வாசலுக்குச் சுற்றி வந்து, ரெண்டு... ஒன்று... மூணு. பாட்டி கதவைத் திறந்து, ''வாடா, முறுக்கு ஏதாச்சும் சாப்பிட்டியா?'' என்றாளாம். அப்பா ஒன்றும் சாப்பிடவில்லை. நான்தான் சாப்பிட்டேன், முதுகில்!

இதைத்தான் 'ரீப்ளே அட்டாக்' என்கிறார்கள். சாதாரணத் தட்டல் ஒளிவுமறைவு இல்லாதது. வழியில் நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்கிறவன் வரிசையைக் குறித்துக்கொண்டு, அப்படியே தட்டலாம்.

பாட்டி லேசுப்பட்டவள் இல்லை. அடுத்த வாரமே விதிகளை மாற்றினாள். ஒன்று, ஒவ்வொரு தடவைக்கும் புதுத் தட்டு, பழசு செல்லாது. ரெண்டு, சரியாகத் தட்டினாலும் கதவிடுக்கில் ஒரு கேள்வி: ''மத்தியானம் என்ன குழம்பு?'' அப்பாவுக்கு இது பலமுறை தெரிந்திருக்காது.

கம்ப்யூட்டர்காரர்களும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். மூன்று தட்டுக்குப் பதில் ரகசிய எழுத்தில் ஒரே ஒரு பொட்டலம். ஒரு தடவை செல்லும், மறுதடவை செல்லாது. மைக்கேல் ராஷ் என்பவர் எழுதிய 'எஃப்டபிள்யூநாப்' அந்த வகை. குழம்புக் கேள்விக்குப் பதில், பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற சாவி ஃபைல். தட்டு என்பது பூட்டு அல்ல சார்! பூட்டு இருக்கிற இடத்தை மறைக்கிற திரை. திரையை நம்பிப் பூட்டை விட்டால், முறுக்குதான்.

திரை நம்மையும் சேர்த்து மறைக்கும் என்பது ஒரு 20-ம் தேதி தெரிந்தது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கட்ட கடைசி நாள். நான் வேறு வேலையாக ஒரு பெரிய ஆபீஸின் விருந்தினர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி போன்: ''தம்பி, இன்னிக்கு இருபது. ஞாபகம் இருக்கா?'' ''அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி!'' என்று லேப்டாப்பைத் திறந்தேன். தட்டினேன். சத்தமில்லை. மறுபடி தட்டினேன். ம்ஹூம். பத்து தடவை. அண்ணாச்சியின் ஒரு வருஷக் கணக்கு உள்ளே, நான் வெளியே. லேட்டானால் நாளுக்கு 50 ரூபாய், வட்டி தனி. காசுகூடப் போகட்டும், அண்ணாச்சியின் நம்பிக்கை?

சிநேகிதன் போனில் சிரித்தான். ''அந்த ஆபீஸுக்கும் ஒரு ஃபயர்வால் இருக்குமேடா! வெப்சைட் பார்க்கிற கதவைத் தவிர வேற எதுக்கும் வெளியே போக விடாது. உன் தட்டு அந்தக் கட்டடத்தையே தாண்டல. செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போடு.'' போட்டேன். முதல் தட்டிலேயே திறந்தது. ராத்திரி எட்டு மணிக்கு ரிட்டர்ன் போனது. சட்டை பூரா வேர்வை.

அதிலிருந்து நான் கற்றதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். காவல் புரோகிராமோடு உதாரணமாக வருகிற 7000, 8000, 9000 என்ற வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஊருக்கே தெரியும். சர்வர் வாடகைக்குக் கொடுத்தவரின் வெப்சைட் வழியாக உள்ளே போகிற கொல்லைக்கதவு ஒன்று இருக்கும். காவல் புரோகிராம் மயங்கி விழுகிற நாளில் அதுதான் கதி. இப்போதே போய்த் திறந்து பார்த்து வையுங்கள், 20-ம் தேதி வேண்டாம்.

இப்போது லாக் ஃபைல் ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஜார் மாதிரி வெறிச்சோடிக் கிடக்கிறது. என் பெயர் மட்டும், நான் போன நேரம் மட்டும். வராதவர்கள் பட்டியலைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது என் கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

அண்ணாச்சியிடம் பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். திண்டுக்கல் பூட்டு விற்கிற மனிதராச்சே! கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

''தட்டினா திறக்கற பூட்டா... டஜன் என்ன விலைக்குத் தம்பி கிடைக்கும்?''