கம்பத்தில் எர்த் எங்கே?

தோட்டத்துக்குத் தெருவிளக்கு வருவதை நாம் எதிர்க்கவில்லை. கேட்டு வாங்கியதே நாம்தான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டித்தான் லயத்துப் பாதைக்கு ஒரு மின்குமிழ்கூடப் போட முடியாது என்றார்கள். அதைத் திருத்த 2018 வரை ஆனது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய விளக்கு, எர்த் இல்லாத இரும்புக் கம்பத்தில் நிற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

கம்பத்துக்குள் போகும் வயரின் உறை உரசித் தேய்ந்து, உயிர்க்கம்பி இரும்பில் பட்டால் கம்பம் முழுவதும் 230 வோல்ற்று. ஆனால் விளக்கு அணையாது. வழக்கம்போல் எரிந்துகொண்டே இருக்கும். பீலியில் குளித்துவிட்டு ஈரக்காலோடு வரும் பிள்ளை கம்பத்தைப் பிடிக்கும்போதுதான் விசயம் தெரியும்.

கேட்டால், "அடித்திருக்கிறோமே" என்று மண்ணில் சொருகிய ஒரு கம்பியைக் காட்டுகிறார்கள். அது மட்டும் போதாது. நமது மலைகளில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. அந்தக் கம்பியின் தடை 20 ஓம் என்று வைப்போம். 230ஐ 20ஆல் பிரித்தால் 11.5 அம்பியர்; அதற்கு மேல் ஓடாது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் நமது பிள்ளைகளே போடும் கணக்கு இது. 16 அம்பியர் பியூஸ் இதற்கு எரியுமா? எரியாது. கம்பத்தில் கரண்ட் அப்படியே நிற்கும். அதனால்தான் எர்த்தோடு ட்ரிப் சுவிட்சும் வேண்டும் என்கிறோம். 30 மில்லிஅம்பியர் மண்ணுக்குக் கசிந்தாலே ஒரு நொடிக்குள் துண்டித்துவிடும். வீட்டுக்குக் கரண்ட் எடுக்கப் போனால் எர்த் எங்கே, ட்ரிப் சுவிட்ச் எங்கே என்று கேட்கிறார்களே, வாசலைத் தாண்டியதும் அந்தக் கேள்வி எங்கே போகிறது?

சபையைக் கேட்டால் தோட்டக் கந்தோரைக் காட்டுகிறது. கந்தோரோ சபையைக் காட்டுகிறது. நாடா வெட்டும் நாளில் மட்டும் அந்தக் கம்பம் எல்லோருக்கும் சொந்தம்!

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அடுத்த மழைக்கு முன் இதை எழுத்தில் கேட்க வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் எர்த் அளந்து, எத்தனை ஓம் என்று எழுதித் தர வேண்டும். பழுதானால் பொறுப்பு யார் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை நமது முன்னால் அழுத்திக் காட்டட்டும். அதுவரை கம்பத்தில் துணிக்கொடி கட்டாதீர்கள், மாட்டையும் கட்டாதீர்கள்.