படம் முடிந்தபின் நடக்க வேண்டிய காரண விசாரணை

பருவநிலை மாற்றத்தைப் பற்றிய ஆவணப்படங்களை ஊர்ச் சாவடியிலும் நூலக மாடியிலும் மீனவர் குப்பத்துத் திருமண மண்டபத்திலும் திரையிட்டு, வந்திருப்போரோடு அதன்பின் கலந்துரையாடும் வழக்கம் நம் திரைப்படச் சங்கங்களிடையேயும் அறிவியல் இயக்கங்களிடையேயும் சில ஆண்டுகளாக வேரூன்றி வருவது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருகிற விஷயம். ஆனால் இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் கடைசி வரிசையில் அமர்ந்து கவனித்த அனுபவத்தைக் கொண்டு சொல்வதானால், படத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் புரொஜெக்டரையும் ஒலிபெருக்கியையும் சரிசெய்வதிலும் நாம் காட்டுகிற சிரத்தையில் பாதியைக்கூட, விளக்கு எரிந்த பிறகு நடக்கிற பேச்சில் காட்டுவதில்லை. இவ்விதழ் திரையிடல் நடத்துவோருக்கென்றே வெளிவருவது. ஆகையால் அந்தப் பேச்சில் அடிக்கடி நேர்கிற ஒரு குழப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று எண்ணுகிறோம்.

துருவப் பனி உருகுவதையும் தீவுகளைக் கடல் சூழ்வதையும் ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து பேசுகிறவர், தம் ஊரில் அலை உள்ளே வந்தது, கிணறு உவர்த்தது, ஏரி உடைந்தது ஆகிய எல்லாவற்றையும் திரையில் கண்ட அந்த ஒரே காரணத்தின் தலையில் சுமத்திவிடுகிறார். கூட்டம் உருக்கமாக நடக்கிறதே என்ற திருப்தியில் அமைப்பாளரும் தலையசைத்துவிடுகிறார். எழுந்து பேசியவர் கண்டதாகச் சொன்னது முழு உண்மை. அதற்குக் காரணமென்று சொன்னதுதான் பல சந்தர்ப்பங்களில் பொருந்துவதில்லை. நிகழ்ந்ததையும் அது நிகழ்ந்ததற்குரிய காரணத்தையும் தனித்தனியே எடுத்து வைத்து விசாரிப்பதே கலந்துரையாடலை நடத்துவோரின் முதற் கடமை என்பது நம் அபிப்பிராயம்.

வடசென்னைக் கரையில் நடந்த ஒரு திரையிடலின் முடிவில் வயது முதிர்ந்த மீனவர் ஒருவர் எழுந்து, தாம் சிறுவனாயிருந்தபோது கட்டுமரம் ஏற்றி வைத்த மணல்மேடு இப்போது கடலுக்குள் எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்பதை, அந்த மண்டபத்தின் வாசலிலிருந்து திரை வரையுள்ள நீளத்தையே அளவுகோலாகக் கொண்டு, விரலால் காட்டிக் காட்டி விளக்கினார். சிறப்புப் பேச்சாளராக வந்திருந்தவர் உடனே கடல்மட்ட உயர்வை எடுத்துச் சொன்னார். அவர் சொன்ன கணக்கில் பிழையில்லை. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "அப்படியானால் துறைமுகத்துக்குத் தெற்கே மட்டும் கடல் ஏன் ஏறவில்லை, ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று விடை வரவில்லை. நேரமாகிவிட்டதென்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

விடை ஒன்றும் ரகசியமன்று. கச்சான் காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும் வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் கரையோரமாக மணல் நகர்கிறது. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால், சோழமண்டலக் கரையில் வடக்கு நோக்கிப் போகிற மணலே மிகுதி. 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் அந்த மணலை வழிமறித்ததால், தெற்கே மெரினாவின் பரந்த மணல்வெளி உருவாயிற்று. தனக்கு வரவேண்டிய மணல் வராமல், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கரை கரைந்தது. அந்தப் பெரியவர் தம் ஆயுளில் கண்டதும் அதையே.

இதே நிகழ்வு புதுச்சேரியில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புகள் மணலை மறித்தபின், நகரத்தின் கடற்கரை மறைந்து கருங்கற்குவியல் மட்டும் எஞ்சியது. கல்லும், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்தடுப்பாகிய தூண்டில் வளைவும் வடக்கே போகப் போக, அரிப்பும் சோலை நகர், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அவற்றைத் தொடர்ந்து சென்றது. சேகர் தத்தாத்ரி எடுத்த 'இந்தியாஸ் டிஸ்அப்பியரிங் பீச்சஸ்' என்ற ஆவணப்படம் இந்த விஷயத்தைத்தான் எளிய படங்களால் விளக்குகிறது. பின்னர் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், தடைப்பட்ட மணலைக் கொண்டுவந்து கொட்டி, நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டையும் அமைத்தபோது, நகரத்தின் முன்னே கொஞ்சம் மணற்கரை திரும்ப வந்தது. நோயின் காரணம் தெரிந்தால்தான் மருந்து அமையும் என்பதற்கு இதனினும் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. கரையோர ஊர் எதிலும் கலந்துரையாடலின் முடிவில் எழுகிற முதல் கோரிக்கை "எங்களுக்கும் ஒரு தூண்டில் வளைவு வேண்டும்" என்பதே. அது நிறைவேறினால் வடக்கே அடுத்த ஊரின் கரை என்னாகும் என்பதைப் பரிவோடு எடுத்துச் சொல்ல அந்த அவையில் ஒருவராவது இருக்க வேண்டும்.

படங்களே எப்போதும் இந்தப் பகுப்பைச் செய்துவிடுவதில்லை. அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் ஆல் கோர் தோன்றும் 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' 2006-இல் வெளிவந்தது. அதை இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அரசு அனுப்ப முற்பட்டபோது எழுந்த வழக்கில், 2007 அக்டோபரில் நீதிபதி பர்ட்டன், படத்தின் அடிப்படை அறிவியல் பெரும்பாலும் சரியே என்று ஏற்றுக்கொண்டு, ஆசிரியர்களுக்கான வழிகாட்டிக் குறிப்போடு அதைத் திரையிடலாம் என்று தீர்ப்பளித்தார். ஆனால் ஒன்பது இடங்களில் படம் சான்றின் எல்லையைத் தாண்டிப் போனதாகவும் அவர் சுட்டினார். கிளிமஞ்சாரோ மலையின் பனி குறைந்ததையும் சாட் ஏரி வற்றியதையும் கத்ரீனா புயலையும் நேரே புவி வெப்பமாதலோடு இணைத்தது அவற்றில் சேரும். திரையிடல் நடத்துகிறவர்களாகிய நாம் இத்தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, படத்தோடு ஒரு குறிப்பையும் கொடுத்து அனுப்பிய அந்த ஏற்பாட்டையே. நல்ல நோக்கத்தோடு எடுத்த படமும் திருத்தத்துக்கு உட்பட்டதே. அந்தத் திருத்தத்துக்குரிய இடம் கலந்துரையாடல்.

சென்னை வெள்ளத்தைப் பற்றிய பேச்சில் இந்தப் பகுப்பு இன்னும் அவசியமாகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு, அதில் புவி வெப்பமாதலின் விளைவு புலப்படவில்லை என்றும், காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் அவ்விளைவை அதுவரை ஈடுசெய்திருக்கக்கூடும் என்றும் கண்டது. அடையாற்றுக் கரையில் எழுந்த கட்டிடங்களும், பெரும்பகுதி தூர்ந்துபோன பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், ஏரியிலிருந்து உபரிநீர் அந்த ஆற்றில் திறந்துவிடப்பட்ட வேளையும் வெள்ளத்தின் கணக்கில் தத்தம் பங்கைப் பெற வேண்டும். இதைக் கேட்டவர், அப்படியானால் பருவநிலை மாற்றமே பொய்யா என்று வினவினால், அதற்கும் நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் மிகுதியாக ஈரத்தைத் தாங்கும் என்பது பௌதிக விதி. 2022 மார்ச், ஏப்ரலில் வட இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலை நேரும் வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் சுமார் 30 மடங்கு பெருக்கியதாகவும் இதே முறையில் நடந்த ஆராய்ச்சி கண்டிருக்கிறது. எங்கே இல்லை என்று சொல்கிற நேர்மை உடைய ஆராய்ச்சிக்குத்தான், எங்கே உண்டு என்று சொல்கிறபோது மதிப்பு உண்டாகிறது. அவையோரும் அதை உணர்ந்துகொள்வார்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. சில அறிஞர்களிடம் அதைக் கண்டு வருந்தியிருக்கிறோம். காரணம் தவறென்று தோன்றியதும், கண்டதையே தள்ளிவிடுவது அந்தத் தவறு. சகரியாஸ் குனுக், இயன் மௌரோ ஆகிய இருவரும் 2010-இல் கனடாவின் வடகோடியில் எடுத்த 'இன்யூட் நாலெட்ஜ் அண்ட் கிளைமேட் சேஞ்ச்' என்ற படத்தில், அங்கு வாழும் இன்யூட் பழங்குடி முதியோர் ஊருக்கு ஊர், சூரியன் வழக்கமான இடத்தில் மறைவதில்லை, பூமி சாய்ந்துவிட்டது என்று சொல்லுகிறார்கள். பூமியின் அச்சு அவ்வாறு சாயவில்லை என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியும். அதனால் முதலில் அந்த வார்த்தை எடுபடவில்லை. ஆனால் பனிப்பரப்பின்மேல் வெப்பக் காற்று அடுக்காகப் படியும்போது ஒளி வளைந்து, சூரியன் இடம் மாறித் தோன்றும் என்ற விளக்கம் பின்னர் முன்வைக்கப்பட்டது. அடிவானத்தை ஆயுள் முழுவதும் பார்த்துப் பழகிய கண்கள் பிசகவில்லை. நம் வடசென்னைப் பெரியவரின் மணல்மேடும் அத்தகைய சாட்சியமே.

நடைமுறையில் இதற்கு அதிகம் வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் படமென்றால் பேச்சுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்; அதற்கு இடமில்லையென்றால், அன்றைக்குச் சின்னப் படமாகப் பார்த்துப் போடுவதே மேல். சிறப்புப் பேச்சாளரை அழைக்கிறபோது, பருவநிலை அறிந்தவரோடு அவ்வூரின் நீரும் மண்ணும் அறிந்த ஒருவரையும் சேர்த்து அழைக்க வேண்டும். இருவரும் அவையில் வேறுபட்டுப் பேசினாலும் நல்லதுதான். ஆங்கிலப் பின்னணிக் குரலுள்ள படத்துக்கு எழுத்தில் மட்டும் தமிழ் போட்டால், படிக்கத் தடுமாறும் முதியோரைத்தான் நாம் முதலில் இழக்கிறோம். இடையிடையே நிறுத்தி ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்னால் படத்தின் ஓட்டம் குலையுமே என்று நம் சங்கத்து ரசிகர்கள் வருந்துவார்கள். ஆயினும் இவ்விஷயத்தில் முதியோர் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. எழுந்து பேசுகிறவர் எந்த ஆண்டில், எந்த இடத்தில், எதை அடையாளமாக வைத்துச் சொல்கிறார் என்பதை ஒருவர் நோட்டில் எழுதி, கூட்டம் கலையுமுன் அவருக்கே படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது மிக அவசியம்.

இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போன வழிகாட்டிக் குறிப்பைப்போல, நாம் திரையிடும் ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதிவைத்தல் நலம்: படம் எடுத்த ஆண்டு, அதற்குப்பின் மாறிய எண்கள், அது மிகைப்படுத்திய இடம், நம் ஊரில் அதோடு கலந்து நிற்கும் பிற காரணங்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். வாசகர்கள் தாம் திரையிட்ட படங்களுக்கு அத்தகைய குறிப்புகளை எழுதி அனுப்ப வேண்டுகிறோம். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். கரையோர ஊர்களில் திரையிட்டவர்களின் குறிப்புகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வந்து சேருமானால், மழைக்காலத்துக் கூட்டங்களை நடத்துவோர் கையில் அவை உரிய வேளையில் போய்ச் சேரும்.