பனை வாழ வேண்டுமாயின் சீவல் தொழிலாளி வாழ வேண்டும்

மாரி மழை தொடங்கியதும் வடக்கிலும் கிழக்கிலும் பனம் விதை நடுகை நிகழ்வுகள் இடம்பெறுவது ஆண்டுதோறும் காணும் காட்சியாகிவிட்டது. பாடசாலை மாணவர்களும் பொது அமைப்புகளும் அரச உத்தியோகத்தர்களும் குளக்கட்டுகளிலும் கரையோரங்களிலும் வீதியோரங்களிலும் விதைகளை நட்டு வருகின்றனர். இம்முயற்சி பாராட்டப்பட வேண்டியதே என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆயினும், இன்று நடப்படும் ஒரு விதை முளைத்து, வடலியாகி, மரமாகிப் பாளை தள்ளுவதற்கு ஏறத்தாழ 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். அது ஆண் பனையா பெண் பனையா என்பதும் அப்போதுதான் தெரியவரும். அதுவரையில், ஏற்கனவே தலைநிமிர்ந்து நிற்கும் பனைகளின் கதி என்ன என்ற கேள்வியை எழுப்ப வேண்டிய கடப்பாடு எமக்குண்டு. நடுகை நிகழ்வுகளின் நிழற்படங்களுக்கு அப்பால் அக்கேள்விக்கு விடை தேட முற்படுவோர் மிகச் சிலரே.

பனையைக் கற்பகதரு என்று போற்றுவதில் நாம் என்றுமே குறை வைத்ததில்லை. அதன் பயன்கள் 801 எனத் 'தாலவிலாசம்' என்னும் நூல் கணக்கிட்டதாகக் கூறப்படுவதைப் பெருமையோடு எடுத்துரைக்காத மேடைகள் இல்லை. நுங்கு, பனம்பழம், பினாட்டு, பனங்கிழங்கு, ஒடியல், புழுக்கொடியல், கருப்பநீர், பனங்கட்டி, கள்ளு என உணவாகவும், ஓலை, ஈர்க்கு, மட்டை, தும்பு, ஊமல் எனப் பாவனைப் பொருளாகவும் விறகாகவும் அது எமது மக்களின் வாழ்வோடு ஒன்றித்து நின்றது. காவோலையைத் தோட்ட நிலத்தில் தாழ்த்திப் பசளையாக்கிய விவசாயியும், வேலியும் கூரையும் ஓலையால் வேய்ந்த குடியானவனும் அதனை நன்கறிவர். இப்பயன்களுள் மிகப் பெரும்பாலானவை மரத்தைத் தறிக்காமலேயே கிடைப்பவை என்பது இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. நின்ற நிலையிலேயே ஆண்டுதோறும் பலன் தந்து, அடுத்த ஆண்டும் தருவதற்குத் தயாராக நிற்கும் மரம் அது. வருமானத்தையும் இயற்கையையும் ஒருசேரக் காப்பது எவ்வாறு என்று உலகெங்கும் இன்று ஆராயப்படும் வினாவுக்கு எமது முற்றத்திலேயே விடை நின்றுகொண்டிருக்கின்றது எனலாம்.

போருக்கு முற்பட்ட காலத்தில் நாட்டில் ஒரு கோடியை அண்மித்த எண்ணிக்கையில் பனைகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் அவற்றுள் இலட்சக்கணக்கானவை இரையாகின. எறிகணைகளுக்கு வட்டிழந்து மொட்டையாக நின்ற பனைகளை எமது மக்கள் இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். ஆனால், 2009இல் போர் ஓய்ந்த பின்னரும் பனைகள் சாய்வது ஓயவில்லை. வீடமைப்புக்கும் வீதி அகலிப்புக்கும் காணித் துப்புரவுக்கும் அவை தொடர்ந்தும் பலியாகின. பனையைத் தறிப்பதற்கு அனுமதி பெற வேண்டும் என்ற விதி இருக்கவே செய்கின்றது. எனினும் விதியொன்று மாத்திரம் மரத்தைக் காப்பாற்றிவிடாது என்பதே அனுபவம் கற்றுத்தந்த பாடமாகும்.

இதற்கான காரணம் எளிதானது. முதிர்ந்த பனையொன்றைத் தறித்துத் தீராந்தியாகவும் சலாகையாகவும் விற்றால் காணி உரிமையாளருக்கு ஒரு தடவை பணம் கிடைக்கின்றது. அதே மரம் நின்றால் அவருக்குக் கிடைப்பது என்ன? ஏறுவதற்கு ஆளில்லையெனில் பாளையில் ஊறும் நீரால் பயனில்லை. பொறுக்குவதற்கு ஆளில்லையெனில் பனம்பழம் நிலத்தில் அழுகும். ஓலை வெட்ட ஆளில்லையெனில் காவோலை காற்றில் விழுந்து அயலவருடன் பிணக்கையே தரும். பயன் தராத மரம் காணியை அடைத்து நிற்கும் மரமாகவே கணிக்கப்படுகின்றது. ஆகவே, பனைக்குப் பாதுகாப்பளிப்பது அதனைச் சுற்றிப் போடப்படும் வேலியன்று. அதில் ஏறி இறங்கும் மனிதனே அதன் காவலன்.

அந்த மனிதனின் நாளாந்த வாழ்வை ஒரு கணம் எண்ணிப்பார்ப்போம். தளநாரைக் காலில் மாட்டி, பாளைக் கத்தியை இடையில் செருகி, பல பத்து அடிகள் உயர்ந்த மரத்தில் அவர் ஏறுகின்றார். காலையில் ஏறிய மரத்தில் மாலையிலும் ஏறியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பாளை காய்ந்து பயனற்றுப் போகும். இவ்வாறு ஒன்றல்ல, பல மரங்கள். பருவமோ ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே நீடிப்பது. எஞ்சிய மாதங்களில் கூலிவேலையே தஞ்சம். மரத்திலிருந்து தவறி விழுந்தால் உயிர் தப்பினாலும் முள்ளந்தண்டு முறிந்து ஆயுள் முழுவதும் படுக்கையில் கழிக்க நேரிடலாம். இத்தகைய தொழிலைத் தன் மகன் தொடர வேண்டுமென எந்தத் தந்தை விரும்புவார்?

இவ்விடத்தில் எமது சமூகம் பேசத் தயங்கும் உண்மையொன்றையும் கூறியேயாக வேண்டும். சீவல் தொழில் நெடுங்காலமாகச் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. பனையைக் கற்பகதரு என்று கையெடுத்துக் கும்பிட்ட அதே சமூகம், அதில் ஏறியவரை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தியது. அவர் இறக்கிய கள்ளை அருந்திய கைகளே அவருக்குக் கோயில் வாயிலை அடைத்தன. இந்நிலையில், அக்குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியால் உயர்ந்து வேறு தொழில்களை நாடிச் சென்றமை வரவேற்கத்தக்கதே அன்றி வருந்தத்தக்கதன்று. பனை வளம் அழிகின்றதே என்ற ஆதங்கத்தில் அவர்களை மீண்டும் மரத்தடிக்கு அழைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. எவரும் விரும்பி ஏற்கக்கூடிய, பாதுகாப்பும் மதிப்பும் நியாயமான வருமானமும் கொண்ட தொழிலாக அதனை மாற்றியமைப்பதே எஞ்சியுள்ள ஒரே வழியாகும்.

இதற்கான அத்திவாரம் முன்னரே இடப்பட்டதுதான். தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து தொழிலாளரை விடுவிக்கும் நோக்கில் 1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாக்கப்பட்டன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோற்றம் பெற்றது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. தொழிலாளரே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் விளங்கிய அக்கூட்டுறவு முறை, அக்காலத்தில் வடபகுதியில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க சமூக மாற்றங்களுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் போரும் இடப்பெயர்வும் சங்கங்களை நலிவடையச் செய்தன. வடமராட்சியின் திக்கம் வடிசாலை நீண்டகாலம் இயங்காது கிடந்தமை அந்நலிவின் கண்கூடான சாட்சியாகும்.

இன்று பனைநீரின் பெரும்பகுதி கள்ளாகவே இறக்கப்படுகின்றது. இதற்காகத் தொழிலாளியைக் குறைகூறுவதில் பயனில்லை. கள்ளு இறக்கிய அன்றே பணமாகிவிடுகின்றது. கருப்பநீருக்கோ முட்டியில் அளவறிந்து சுண்ணாம்பு தடவ வேண்டும். இறக்கிய நீரைத் தாமதமின்றி வடித்து, மணிக்கணக்கில் காய்ச்சி, பதம் பார்த்துக் குட்டானில் வார்க்க வேண்டும். விறகும் நேரமும் குடும்பத்தவரின், குறிப்பாகப் பெண்களின், உழைப்பும் இதில் அடங்கியுள்ளன. இத்தனைக்கும் பின்னர் சந்தைக்கு வந்தால், சீனி கலந்து காய்ச்சிய போலிப் பனங்கட்டி அரைவிலைக்குப் பக்கத்திலேயே விற்கப்படுகின்றது. எது அசல், எது கலப்படம் என்று கொள்வனவாளரால் பிரித்தறிய முடிவதில்லை. நேர்மையாக உற்பத்தி செய்பவர் நட்டமடைவதும் கலப்படம் செய்பவர் இலாபமடைவதும் தொடருமாயின், பனங்கட்டித் தொழில் நிலைக்கும் என எதிர்பார்ப்பது பேதைமையாகும்.

கலப்படத்துக்கு எதிரான கருவிகள் இல்லாமலில்லை. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. தமிழகத்தின் உடன்குடிக் கருப்பட்டி 2023இல் இந்தியாவின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. எந்த மண்ணில், எந்த முறையில் உற்பத்தியானது என்பதற்குச் சட்டபூர்வமான அடையாளம் கிடைக்கும்போது, அதன் பெயரால் போலியை விற்பதைத் தடுப்பதற்கு வழி பிறக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக் குட்டானுக்கும் அத்தகைய அடையாளத்தைப் பெற்றுக்கொடுக்க முயல்வதற்கு என்ன தடை இருக்கின்றது என்பதை அதிகாரத் தரப்பினரே விளக்க வேண்டும்.

ஓலை சார்ந்த கைப்பணியின் நிலையும் இதுவே. 2017இல் பொலித்தீன் உணவுத் தாள்கள் தடை செய்யப்பட்டன. 2023இல் ஒருதடவை மட்டும் பாவிக்கப்படும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டபோது, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஓலையில் நீத்துப்பெட்டியும் கடகமும் சுளகும் இழைத்த கைகளுக்கு இதனைவிடச் சிறந்த தருணம் வாய்த்திருக்க முடியாது. ஆயினும், தடையால் உருவான வெற்றிடத்தை நிரப்பத்தக்க அளவில், ஒரே தரத்தில், தவணை தவறாது பொருட்களை வழங்கும் ஏற்பாடு செய்யப்படவில்லை. போரினால் குடும்பத் தலைமையை ஏற்க நேர்ந்த பெண்கள் பலர் இக்கைப்பணியை நம்பியிருக்கின்றனர். அவர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகளும் சான்றிதழ்களும் குறைவின்றி வழங்கப்பட்டுள்ளன. குறைவாக உள்ளது நிரந்தரமான கொள்வனவாளரே. அரச விடுதிகளும் அலுவலகங்களும் வைத்தியசாலைகளும் தமது தேவையின் ஒரு பங்கையாவது இவர்களிடம் பெற்றுக்கொண்டால், அது நூறு பயிற்சிப் பட்டறைகளுக்கு ஈடாகும்.

இது வடக்குக் கிழக்குக்கு மாத்திரம் உரிய பிரச்சினையுமன்று. 1988இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட சிங்கராஜ வனத்தை அண்டிய கிராமங்களில் கித்துள் பாணியும் கருப்பட்டியும் தலைமுறை தலைமுறையாக வருமானம் ஈட்டித் தந்துள்ளன. கித்துளால் வருமானம் பெறும் கிராமவாசிக்கு அது வளரும் காட்டைப் பேணுவதில் சொந்த அக்கறை உண்டு. அங்கும் மரமேறும் இளைஞர் அருகி வருகின்றனர். அங்கும் சீனிக் கலப்படம் நேர்மையான உற்பத்தியாளரை வதைக்கின்றது. தெற்கின் கித்துள் தொழிலாளியும் வடக்கின் பனைத் தொழிலாளியும் எதிர்கொள்ளும் துயரம் ஒன்றாகவே இருக்கையில், அவர்களுக்கான காப்புறுதியும் தரக் கட்டுப்பாடும் ஒரே தேசியக் கொள்கையின் கீழ் அமைவதே பொருத்தமானதாகும்.

அயலிலிருந்து கற்க வேண்டியதும் உண்டு. தமிழகம் 2021இல் முன்வைத்த தனது முதலாவது வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து, பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 76 இலட்சம் விதைகளை விநியோகிக்கும் ஏற்பாட்டுடன், நியாயவிலைக் கடைகள் மூலம் பனைவெல்லத்தை விற்பதற்கும் அது திட்டமிட்டது. விதையோடு நின்றுவிடாது சந்தையையும் எண்ணிப்பார்த்தமையே அத்திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய அம்சமாகும்.

அதேவேளை, பனையிலிருந்து பெறுவதெல்லாம் தீங்கற்றது எனக் கருதிவிடவும் கூடாது. ஓலைகளை வட்டுவரை வழித்து வெட்டினால் மரம் நலிவடையும். வீழ்ந்த விதைகள் அனைத்தையும் கிழங்குப் பாத்திக்குக் கொண்டுசென்றால் கூடலில் புதிய வடலி தோன்றாது. கருப்பநீர் காய்ச்சுவதற்கு அயற்காட்டை விறகாக்கினால் ஒன்றைக் காக்க மற்றொன்றை இழந்தவராவோம். எனவே எடுக்கும் அளவுக்கும் விடும் அளவுக்கும் வரையறை வேண்டும். அவ்வரையறையை நன்கறிந்தவர்கள் மரத்தோடு வாழ்ந்த தொழிலாளர்களே. அவர்களைக் கலந்தாலோசிக்காது தலைநகரிலோ மாகாணத் தலைமையகத்திலோ வரையப்படும் திட்டங்கள் கோப்புகளை மட்டுமே கொழுக்க வைக்கும்.

ஆகையால் சம்பந்தப்பட்டோர் உடனடியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பதிவுசெய்த ஒவ்வொரு சீவல் தொழிலாளிக்கும் விபத்துக் காப்புறுதியும் முதுமைக்கால ஓய்வூதியமும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். பாதுகாப்பாக மரமேறுவதற்கான கருவிகள் கண்காட்சிகளில் காட்சிப்படுத்தப்படுவதோடு நில்லாது, எமது மரங்களில் தொழிலாளராலேயே பரீட்சிக்கப்பட்டுச் சங்கங்களின் ஊடாக வழங்கப்பட வேண்டும். கருப்பநீரைச் சங்கங்களே நேரடியாகக் கொள்வனவு செய்து பொது நிலையங்களில் காய்ச்சுமாயின், குடும்பங்களின் சுமையும் விறகுச் செலவும் குறைவதுடன் தரத்தையும் உறுதிப்படுத்தலாம். நிற்கும் பனையைச் சீவக் கொடுக்கும் காணி உரிமையாளருக்கும் நியாயமான பங்கு கிடைக்க வேண்டும். மரத்தைத் தறிப்பதைவிட நிற்க விடுவதே இலாபம் என்பதை அவர் தன் கணக்கிலேயே காணும்போது, அனுமதிப்பத்திரத்துக்கான தேவையே குறைந்துவிடும்.

விதை நடுவது ஒரு நாள் வேலை. அதனை நாம் ஒருபோதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்விதை மரமாகும் நாளில், அதில் ஏறுவதற்குத் தெரிந்த ஒருவரும் இந்த மண்ணில் எஞ்சியிராவிட்டால், இன்று விதை நடும் மாணவன் நாளை தன் பிள்ளைக்கு அதனைத் தொலைவில் நின்று சுட்டிக்காட்ட மட்டுமே முடியும். அடுத்த மாரிக்கு விதைகளைச் சேகரிக்கும் அமைப்புகள், தத்தமது கிராமத்தில் இன்னும் தளநார் மாட்டும் தொழிலாளர் எத்தனை பேர் என்பதையும் ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும். அவ்வெண்ணிக்கையே பனையின் உண்மையான ஆயுட்கணக்கு.